அடுப்படிக்கு என்ன நிறம்?

வீட்டுக்கு பெயின்ட் அடித்த அனுபவம் உண்டா உங்களுக்கு? இருந்தால், அந்த ஷேடு கார்டை மறந்திருக்க மாட்டீர்கள். கடைக்காரர் சிரித்த முகத்தோடு கொடுத்து அனுப்புவார். வீட்டுக்கு வந்து விரித்த நிமிடமே குடும்பத்தில் கட்சிகள் உருவாகிவிடும். ஹாலுக்குப் பிரச்னை இல்லை. அப்பா சொன்னதுதான் சட்டம். படுக்கையறை பிள்ளைகள் இஷ்டம். சமையலறை அலமாரிக்கு என்ன நிறம் என்று வரும்போதுதான் கூட்டணி உடையும். வெள்ளை அடித்தால் அழுக்கு தெரியும். அடர்த்தியாக அடித்தால் இருட்டிவிடும். பச்சை என்றால் ''ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு'' என்பார்கள். நீலம் என்றால் ''அது என்ன பாத்ரூமா?'' என்பார்கள்.

'இதெல்லாம் ஒரு விஷயமா?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இந்தச் சின்னக் கேள்விக்குப் பின்னால் புகை இருக்கிறது, ஈ இருக்கிறது, விஷம் இருக்கிறது. ஹிட்லரின் சிறை இருக்கிறது. நம்முடைய கன்னியாகுமரிக் கடற்கரை மணல்கூட இருக்கிறது!

எனக்கு இது உறைத்தது நாகலூரில்.

சேலத்தில் இருந்து ஏற்காட்டுக்குக் கிளம்பினால், மலையடிவாரத்தை ஒட்டி வெள்ளை வெளேரென்று குன்றுகள் தெரியும். ஆங்கிலேயர்கள் அந்த வெள்ளையைப் பார்த்துவிட்டு 'சாக் ஹில்ஸ்', அதாவது சுண்ணாம்புக் குன்றுகள் என்று பெயர் வைத்தார்கள். அது சுண்ணாம்பு இல்லை. மேக்னசைட் என்கிற தாது. உலைகளுக்குள் வைக்கும் வெப்பம் தாங்கும் செங்கல் செய்யப் பயன்படுவது. நிறத்தை மட்டும் பார்த்து ஒரு பொருளை எடை போடக்கூடாது என்பதற்கு அந்தக் குன்றுகளே சாட்சி. அதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, ஏற்காட்டையும் தாண்டிப் போனால் நாகலூர். சில்வர் ஓக் மரங்கள், அவற்றைக் கட்டிப்பிடித்து ஏறும் மிளகுக்கொடிகள், நிழலில் காபிச் செடிகள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர்தான் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார் என்பார்கள். காபியின் பின்னாலேயே பங்களாக்கள் வந்தன.

நண்பர் ஒருவர் நாகலூர்ப் பக்கம் பழைய எஸ்டேட் வீடு ஒன்றை வாங்கியிருந்தார். நான் போன அன்று சமையலறையில்தான் வேலை. கனமான மர அலமாரி. மேல் பாதியில் கம்பி வலைக் கதவுகள். எறும்பு ஏறாமல் இருக்க, நாலு காலுக்கும் கீழே தண்ணீர்க் கிண்ணம் வைக்கிற பழைய காலத்து வகை. நண்பர் வெள்ளை என்றார். அவர் மனைவி இளம்பச்சை என்றார். பத்தாவது படிக்கும் மகள் செல்போனில் ஏதோ ஒரு சாம்பல் நிறத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

பெயின்டர், ''நீங்க முடிவு பண்றதுக்குள்ள நான் தேச்சு வெச்சிடறேன் சார்'' என்று உப்புத்தாளைக் கையில் எடுத்தார். கதவின் மூலையில் பெயின்ட் ஏற்கெனவே செதில் செதிலாக உரிந்திருந்தது. குனிந்து பார்த்தேன். மேலே கிரீம். அதற்குக் கீழே பச்சை. அதற்கும் கீழே நீலம். எல்லாவற்றுக்கும் அடியில், மரத்தோடு ஒட்டி, வெள்ளை.

கீழடியில் மண்ணை அடுக்கு அடுக்காகப் பிரித்துப் பார்ப்பார்களே, அந்த மாதிரி. வாருங்கள், நாமும் ஒவ்வொரு அடுக்காக இறங்கிப் பார்ப்போம்.

முதலில் கிரீம். உங்கள் பாட்டி வீட்டு அடுப்படியை நினைத்துப் பாருங்கள். என்ன நிறம்? கறுப்பு. யாரும் தேர்ந்தெடுத்த கறுப்பு அல்ல, விறகு அடுப்பின் புகை தேர்ந்தெடுத்தது. சுவர் கறுப்பு, உத்தரம் கறுப்பு, பரண் கறுப்பு. பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்தாலும் மாசி மாதத்துக்குள் பழைய நிறம் திரும்பிவிடும். அங்கே போய் ஷேடு கார்டை விரித்தால் பாட்டி சிரித்திருப்பார்.

வெள்ளைக்காரர்கள் இந்தப் புகைக்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பங்களாவை விட்டுச் சமையலறையைத் தள்ளிக் கட்டினார்கள். நடுவில் ஒரு கூரைபோட்ட நடைபாதை. புகையும், தீ பயமும், தாளிக்கும் வாசனையும் துரைசானியை நெருங்காது. சமையல்காரர் மட்டும் உள்ளே நின்று இருமிக்கொண்டிருப்பார். புகையைப் போக்கவில்லை, புகைக்குள் நிற்கும் ஆளை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

புகை நிஜமாகவே வெளியேற ஆரம்பித்தது கேஸ் அடுப்பு வந்த பிறகு. இண்டேன் சிலிண்டர் கல்கத்தாவில் முதன்முதலாக வந்தது 1965-ல். தமிழ்நாட்டில் ஏழை வீடுகளுக்கு இலவச கேஸ் அடுப்பு கொடுக்கும் திட்டம் 2007-ல்தான் தொடங்கியது. அதாவது, 'அடுப்படிக்கு என்ன நிறம்?' என்ற கேள்வியே பல வீடுகளில் ஒரு தலைமுறைக்கு உள்ளேதான் பிறந்திருக்கிறது.

டப்பாவில் அடைத்த எனாமல் பெயின்ட் சாமான்ய வீட்டுக்கு வந்த வழியும் சுவாரஸ்யமானது. 1942-ல் பம்பாயில் நாலு நண்பர்கள் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனி ஏஷியன் பெயின்ட்ஸ். பெரிய நகரங்களில் வெளிநாட்டுக் கம்பெனிகளின் ஆதிக்கம். கிராமத்துக்குப் போனால்? அங்கே யார் பெயின்ட் வாங்குவார்கள்? மாடு வைத்திருப்பவர்கள்! மகாராஷ்டிராவில் போலா பண்டிகை, நம் ஊரில் மாட்டுப் பொங்கல். இரண்டிலும் கொம்புக்கு வண்ணம் பூசியாக வேண்டும். ஒரு ஜோடிக் கொம்புக்கு எவ்வளவு தேவை? கையளவு. எனவே சின்னச் சின்ன டப்பாக்களில் அடைத்து விற்றார்கள். 1954-ல் அந்தக் கம்பெனிக்காக ஆர்.கே.லக்ஷ்மண் வரைந்த, கையில் பிரஷ்ஷோடு குறும்பாக நிற்கும் 'கட்டு' பையனைப் பழைய விளம்பரங்களில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். கொம்புக்குப் பூசியது போக டப்பாவில் மிச்சம் இருந்தால் அது ஜன்னலுக்கோ அலமாரிக்கோ போகும். ஷேடு கார்டு எல்லாம் அப்போது எதற்கு? காளைக்கு என்ன நிறமோ, அதுதான் கதவுக்கும்!

அடுத்த அடுக்கு, பச்சை. கண்ணுக்குக் குளிர்ச்சி என்று நாம் நம்பும் இந்த நிறத்துக்கு ஒரு கொலைகார வரலாறு உண்டு.

1775-ல் ஸ்வீடனில் வாழ்ந்த கார்ல் ஷீலே என்ற வேதியியல் அறிஞர் பளிச்சென்று ஒரு பச்சையைக் கண்டுபிடித்தார். மலிவானது, அழகானது. ஐரோப்பா பித்துப்பிடித்துப்போய் அதை வாங்கியது. சுவருக்கு ஒட்டும் காகிதம், திரைச்சீலை, செயற்கைப் பூ, குழந்தைகளின் பொம்மை... எங்கும் பச்சை. அதன் மூலப்பொருட்கள்? தாமிரமும் ஆர்சனிக்கும். ஆமாம், பாஷாணம்! செயின்ட் ஹெலினா தீவில் சிறைவைக்கப்பட்டு 1821-ல் செத்துப்போன நெப்போலியனின் வீட்டுச் சுவர்க் காகிதத்தில்கூட அந்தப் பச்சை இருந்தது. 'அவரைக் கொன்றது சுவரா?' என்று வரலாற்று ஆசிரியர்கள் ரொம்ப நாள் சண்டை போட்டார்கள். ஈரம் பிடித்து, சுவரில் பூஞ்சை படர்ந்தால், அந்தப் பூஞ்சை ஆர்சனிக்கை விஷவாயுவாக மாற்றிவிடும் என்று 1890-களில் இத்தாலிய விஞ்ஞானி கோசியோ நிரூபித்தார்.

ஆர்சனிக் பச்சை போனது. அப்புறம் வந்த பச்சையாவது யோக்கியமா? குரோம் மஞ்சள் என்று ஒரு நிறம். அதோடு பிரஷ்யன் நீலத்தைக் கலந்தால் அழகான பச்சை கிடைக்கும். பழைய எனாமல் பச்சைகள் பலவும் இந்தக் கலவைதான். குரோம் மஞ்சள் என்பது எது? காரீயமும் குரோமியமும் சேர்ந்த உப்பு. காரீயம் என்ற பெயரைக் கவனியுங்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வரும்.

மூன்றாவது அடுக்கு, நீலம். சமையலறை அலமாரிக்கு நீலம் அடிக்க உலகத்தில் ஒரு விசித்திரமான காரணம் சொல்லியிருக்கிறார்கள். அதைத் தெரிந்துகொள்ள நாகலூரில் இருந்து ஜெர்மனிக்குப் போக வேண்டும்.

வருடம் 1926. முதல் உலகப் போர் முடிந்து, வீடில்லாமல் ஜனங்கள் தவித்த காலம். ஃப்ராங்ஃபர்ட் நகரில் தொழிலாளர்களுக்காக ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன வீடுகள் கட்ட ஆரம்பித்தார்கள். சமையலறையை வடிவமைக்கும் பொறுப்பு மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற 29 வயதுப் பெண்ணிடம் வந்தது. வியன்னாக்காரர். பெண்கள் கட்டடக் கலை படிப்பதே அபூர்வமாக இருந்த காலத்தில் படித்து முடித்தவர். வேடிக்கை என்னவென்றால், அவருக்குச் சமையல் பழக்கம் கிடையாது!

ரயிலில் சாப்பாட்டுப் பெட்டி இருக்குமே, அதன் குட்டிச் சமையலறையில் நின்ற இடத்திலேயே நூறு பேருக்குச் சமைக்கிறார்களே, அது எப்படி என்று பார்த்தார். காய்கறி நறுக்க, பாத்திரம் கழுவ எத்தனை நடை, எத்தனை நிமிடம் என்று கடிகாரத்தை வைத்துக் கணக்குப் போட்டார். 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். அதற்குள் அடுப்பு, தொட்டி, சுவரோடு சேர்ந்த அலமாரிகள், அரிசிக்கும் சர்க்கரைக்கும் பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகள். சுமார் 10,000 வீடுகளில் இந்தச் சமையலறை வந்தது. இன்றைக்கு 'மாடுலர் கிச்சன்' என்று லட்சக்கணக்கில் செலவழிக்கிறோமே, அதற்கெல்லாம் பாட்டி இதுதான்.

அந்த அலமாரிகளுக்கு என்ன நிறம் அடித்தார் தெரியுமா? நீலப்பச்சை. அழகுக்காக இல்லை. நீல நிறத்தில் ஈ உட்காராது என்று அப்போது ஆய்வாளர்கள் சொல்லியிருந்தார்கள். ஈ நிஜமாகவே அந்த விதியை மதித்ததா என்பது வேறு விஷயம். ஒரு சமையலறைக்கான நிறத்தை, அங்கே நிற்கப்போகும் பெண்ணின் உடம்பையும் குழந்தையின் வயிற்றையும் யோசித்து ஒருவர் தேர்ந்தெடுத்தார், அதுதான் முக்கியம்.

அந்த அம்மாவின் மீதிக் கதையையும் சொல்லாமல் விட மனசில்லை. ஹிட்லரை எதிர்த்து ரகசிய இயக்கத்தில் சேர்ந்தார். 1941-ல் வியன்னாவில் கெஸ்டபோ போலீஸ் பிடித்தது. கூட இருந்த தோழர்கள் பலர் கொல்லப்பட்டார்கள். இவருக்கு 15 வருட சிறைத் தண்டனை. 1945-ல் நாஜிகள் தோற்றதால் வெளியே வந்தார். 2000-ம் ஆண்டு, 103-வது பிறந்த நாளுக்கு 5 நாட்கள் இருக்கும்போது காலமானார். இத்தனைக்கும் பிறகு உலகம் அவரைக் 'கிச்சன் கட்டிய அம்மா' என்றே நினைவு வைத்திருக்கிறது. அதில் அவருக்கு நிறைய வருத்தம்.

இப்போது கடைசி அடுக்கு. மரத்தோடு ஒட்டிக்கிடக்கும் வெள்ளை. பயப்படவேண்டியது இதற்குத்தான்.

ஆளி விதை எண்ணெயில் குழைத்த அந்தக் காலத்து வெள்ளைப் பெயின்ட் என்றாலே பெரும்பாலும் காரீய வெள்ளைதான். ரசம் வைக்கிற ஈயச் சொம்போடு குழப்பிக்கொள்ளாதீர்கள். முறையாகச் செய்த சொம்பு வெள்ளீயம், இது காரீயம். ஒரே 'ஈயம்' என்ற சொல்லுக்குள் இரண்டு உலோகங்கள். ஒன்றில் சமைக்கலாம். இன்னொன்று உடம்புக்குள் போனால் எலும்பில் போய் ஒளிந்துகொள்ளும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். போன அறிவு திரும்ப வராது. இதில் கொடுமை, காரீயப் பெயின்டின் செதில் லேசாக இனிக்கும். தவழும் குழந்தை அதை ஏன் வாயில் போடுகிறது என்று இப்போது புரிகிறதா?

இதை முதலில் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்துக் கண் மருத்துவர் லாக்ஹார்ட் கிப்ஸன். கை கால் தளர்ந்து, வயிற்று வலியோடு, பார்வை மங்கிக் குழந்தைகள் வந்துகொண்டே இருந்தார்கள். தண்ணீரா, பாத்திரமா என்று தேடினார்கள். கடைசியில் குற்றவாளி அகப்பட்டது வராந்தாவில்! வெயிலில் காய்ந்து பொடிப்பொடியாக உதிரும் கைப்பிடிக் கிராதியின் பெயின்ட். குழந்தைகள் அதைப் பிடித்து விளையாடுவார்கள், பிறகு விரலைச் சூப்புவார்கள், நகம் கடிப்பார்கள். 1904-ல் இதை அவர் எழுதி வெளியிட்டார்.

சரி, உலகம் உடனே திருந்தியதா? 1921-ல் ஜெனீவாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, வீடுகளுக்கு உள்ளே காரீய வெள்ளை அடிப்பதற்குத் தடை கொண்டுவரும் ஒப்பந்தத்தை ஏற்றது. பெயின்டர்களின் உயிரைக் காப்பாற்றத்தான் அது. 1922-ல் குயின்ஸ்லாந்து மாகாணம், குழந்தைகளின் கைக்கு எட்டும் இடங்களில் காரீயப் பெயின்டுக்குச் சட்டம் போட்டுக் கட்டுப்பாடு விதித்தது. அமெரிக்கா வீட்டுப் பெயின்டில் தடை செய்தது 1978-ல். இந்தியா? 2016-ல் விதி எழுதினோம். 2017 நவம்பர் 1-ம் தேதி அமலுக்கு வந்தது. வீட்டுப் பெயின்டில் 10 லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் காரீயம் இருக்கக்கூடாது. கிப்ஸன் எழுதி முழுதாக 113 வருடங்கள்!

யோசித்துப் பாருங்கள். 2017-க்கு முன்னால் நம் வீட்டில் ஏறிய எல்லா எனாமலும் விஷம் என்று சொல்ல வரவில்லை. காரீயம் சேர்க்காத பெயின்ட்களும் அப்போது இருந்தன. ஆனால் வெள்ளையில் மட்டும் இல்லை, பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு, பச்சையில் எல்லாம் நிறத்துக்காகக் காரீயம் சேர்ப்பது வழக்கமாக இருந்தது. சீக்கிரம் காயவேண்டும் என்பதற்காகச் சேர்ப்பதும் உண்டு. பழைய அடுக்கில் இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அந்தச் சாக் ஹில்ஸ் ஞாபகம் இருக்கிறதல்லவா? வெள்ளை என்பதால் சுண்ணாம்பு ஆகிவிடாது.

சும்மா இருக்கும் பழைய பெயின்ட் அவ்வளவாகக் கெடுதல் செய்யாது. உரியும்போதும், உரசும்போதும், சூடுகாட்டிச் சுரண்டும்போதும்தான் ஆபத்து. தூசியாகி, தரையில் இறங்கி, குழந்தையின் கைக்கு வரும். தேய்க்கிற பெயின்டரின் நுரையீரலுக்கு அதற்கும் முன்னாலேயே போய்விடும். நம் வீட்டில் ஒரு நாள் தேய்ப்பு. அவருக்கு வருஷம் பூரா அதே வேலை.

நாகலூரில் உப்புத்தாள் அலமாரியைத் தொடப்போன அந்த நொடியில் நான் இதையெல்லாம் கொட்டித் தீர்த்தேன். பெயின்டர் கையை நிறுத்தினார். ''இருபது வருஷமா தேய்க்கிறேன், யாரும் சொன்னதில்லையே சார்...'' என்றார். எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

அப்புறம் வேலை மாறியது. உள்ளே இருந்த பண்டம் பாத்திரம் எல்லாம் வெளியே போயின. தரையில் பிளாஸ்டிக் விரிப்பு. உரிந்த இடங்களில் மட்டும் தண்ணீர் தெளித்து ஈரமாகத் தேய்ப்பது என்று முடிவானது. பெயின்டர் வாய்க்கு, வெறும் துண்டு இல்லாமல், நல்ல முகக்கவசம். மகளுக்கு அந்தப் பக்கம் வரத் தடை. உதிர்ந்ததை விளக்குமாறால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து, பையில் கட்டி அகற்றினார்கள். மீதி அடுக்குகளைச் சீண்டவே இல்லை. மேலே பிரைமர் அடித்து மூடிவிட்டார்கள். உங்கள் வீட்டிலும் பழைய கதவு, பழைய தொட்டில், பழைய ஜன்னல் இருந்தால் இதைச் செய்யுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்த நாட்களில் வேறு வீட்டில் இருப்பது நல்லது.

சரி, நிறம்?

காரீயம் இல்லாத இன்றைய வெள்ளைக்கு அடிப்படை டைட்டானியம் டை ஆக்சைடு. 1910-களின் பிற்பகுதியில் தொழிற்சாலைகளில் தயாராக ஆரம்பித்தது. அதற்கான இல்மனைட் தாது எங்கே கிடைக்கிறது? நம் மணவாளக்குறிச்சியில்! அந்தக் கரையின் மதிப்பு தெரியவந்ததே ஒரு கயிற்றுக் கதை. திருவிதாங்கூரில் இருந்து ஜெர்மனிக்குப் போன தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து, அதில் மோனசைட் என்ற தாது இருப்பதை 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டுகொண்டார். அவர் தேடி வந்தது மோனசைட்டுக்காக. அதே மணலில் இல்மனைட்டும் கறுப்பாகக் கிடந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் உலகத்தின் இல்மனைட் தேவையில் பெரும் பங்கு அந்தக் கரையில் இருந்துதான் போனது. பார்க்கக் கறுப்பு மணல், உள்ளே இருப்பதோ உலகத்துக்கான வெள்ளை!

இதைச் சொன்னதும் நண்பர் ''அப்போ வெள்ளைதான்'' என்றார். மனைவி, ''அழுக்கு தெரியும்ங்க'' என்றார். மறுபடி பஞ்சாயத்து ஆரம்பித்தது.

அந்த வீட்டில் சமைக்கிற அக்கா ஒருவர் வெளியே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்து ஊர்க்காரர். அவரிடம் அதுவரை யாரும் கேட்கவில்லை. அந்த அலமாரிக்கு முதல் வெள்ளை அடித்த காலத்தில், உள்ளே நின்று சமைத்தவரிடம் மட்டும் யாராவது கேட்டிருப்பார்களா என்ன? ''அக்கா, நீங்க சொல்லுங்க. என்ன கலர் அடிக்கலாம்?'' என்று மகள்தான் கேட்டாள்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அலமாரியைப் பார்த்தார். ''வெள்ளையே அடிங்க கண்ணு. அழுக்கு தெரிஞ்சாத்தானே தொடைக்க முடியும்?''

வெள்ளைதான் அடித்தார்கள். டப்பாவில் 'காரீயம் சேர்க்காதது' என்று போட்டிருக்கிறதா என்று பெயின்டரே திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் மூடியைத் திறந்தார்.